என் வண்டியும் அவருடைய டர்போவும்

என் அண்ணன் கப்பலில் வேலை கிடைத்துப் போகும்போது தன்னுடைய சின்னக் காரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு என்று கொடுக்கவில்லை, எனக்கு என்று கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரை ஏற்றி, சாவியை என் கையில் வைத்து, "மாப்பிள்ளை ஓட்டணும்னு கேட்டா குடு" என்று என் கணவர் முன்னாலேயே சொன்னார். அண்ணனுக்கு வாய் கொஞ்சம் அதிகம். கேட்டுக்கொண்டு நின்ற என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அவர் எஞ்சின்களை ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். நான் பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் எனக்குக் காட்பாடியில் ஒரு மைதானத்தில் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார். அதனால் வண்டி வந்த மறுவாரமே பருத்திப்பட்டு வழியாக நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். இரண்டு கதவுள்ள வண்டி. சின்ன எஞ்சின், நாலு பேர் ஏறினால் முனகும். எனக்கு அது தாராளம். பஸ்ஸில் இடிபடாமல், புடவை கசங்காமல் போய் வந்தேன்.

குடியிருப்பில் கார் வைத்திருந்தவர்களே குறைவு. அதை ஒரு பெண் ஓட்டுவது எல்லாருக்கும் பேச்சாகிவிட்டது. "என்ன சார், வீட்டுக்குள்ளயே டிரைவர் வெச்சிருக்கீங்க" என்று அவருடைய பிரிவில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அதை அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்ன விதத்தைப் பார்த்தால் நான்தான் அப்படிக் கேட்டேனோ என்று தோன்றும். அதற்குப் பிறகு அவரைத் தொழிற்சாலையில் இறக்கிவிடும் நாட்களில், கேட்டுக்கு முந்தின திருப்பத்திலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து போவார்.

அவரும் லைசென்ஸ் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினார். ஒரு எஞ்சினைப் பிரித்துப் பரப்பிவிட்டு மறுபடி பூட்டத் தெரிந்த மனுஷனுக்கு ஓட்டுவது மட்டும் கைக்கு வரவில்லை. கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் அம்பத்தூர் போகும் வழியில் "கியர் மாத்துங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார், இறங்கினார், எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று இருவரும் தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம்.

டர்போ பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. தொழிற்சாலை நூலகத்திலிருந்து ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். எஞ்சினில் எரிந்து சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழல வைப்பது, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திணிப்பது, அதிகக் காற்றும் அதிகப் பெட்ரோலும் சேர்ந்து எரிந்து அதே எஞ்சின் ஒன்றரை மடங்கு இழுப்பது. அழகாகத்தான் விளக்கினார். பாடம் நடத்துகிற எனக்கே அவ்வளவு சுத்தமாகச் சொல்ல வராது.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். அவ்வளவு அழுத்தத்தை இந்த எஞ்சினின் பிஸ்டன் தாங்குமா என்று.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"தெரியலைன்னுதான் கேக்கறேன்."

"வேணாம்னு சொல்லு. அதை விட்டுட்டு கேள்வி கேக்காத."

"சரி, வேணாம்" என்றேன். பெட்ரோல் விலை ஏறிக் கிடந்த காலம். இருக்கிற வண்டி ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு வேகம் தேவையில்லை. இதையெல்லாமும் சொன்னேன். அவர் பத்திரிகையை மூடி எடுத்துக்கொண்டு போனார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தக் கோடை விடுமுறைக்கு வேலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வண்டியை சர்வீஸுக்கு விடப் போவதாகச் சொல்லியிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். பள்ளி திறப்பதற்கு முன்னால் திரும்பி வந்தால் வீட்டு வாசலில் வண்டி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் நிற்கிறது என்றார். மறுநாள் நானே போனேன்.

அந்த ஷெட்காரர் கள்ளிக்குப்பத்துக்காரர். லேத்து வேலையும் மெக்கானிக் வேலையும் சேர்த்துச் செய்பவர். என் கணவரைவிடச் சின்ன வயது, என் கணவரைவிடப் பெரிய ஆசை. உள்ளே என் வண்டியின் பானெட்டை வெட்டியிருந்தார்கள். நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் ஏதோ வெளிநாட்டு மண்வாரி இயந்திரத்திலிருந்து கழற்றியது என்று வாங்கிவந்த டர்போ, நத்தை ஓடு மாதிரி வளைந்த இரும்புக் குண்டு, எஞ்சினின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் உள்ளே அடங்காததால் பானெட்டை வெட்டி, மேலே தகரத்தில் ஒரு திமில் செய்து ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா டீச்சரம்மா" என்றார் ஷெட்காரர், சந்தோஷமாக. "இந்த ஏரியாவுலயே இப்டி ஒரு வண்டி கெடியாது. பாத்துகினே இரு, பிளைமுத்து கணக்கா பறக்கப் போவுது."

ஏரோப்ளேனைத்தான் அப்படிச் சொன்னார். என்னிடம் கேட்காமல் எப்படி வெட்டினீர்கள் என்றேன். சார் சொன்னார் என்றார். அந்த ஆளுக்கு அதற்குமேல் என்ன வேண்டியிருந்தது. ஒரு காரின் சொந்தக்காரர் மீசையோடு இருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "முடிஞ்சதும் பாரு, அப்பறம் பேசு" என்று மட்டும் சொன்னார். முடிய ஜூலையும் போய்விட்டது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். தாமதமாகப் போய்த் தலைமையாசிரியையிடம் பேச்சு வாங்கினேன். கார் என்ன ஆயிற்று என்று பள்ளியில் கேட்டவர்களிடம் ரிப்பேர் என்றேன். அது பொய்யும் இல்லை.

வண்டி வந்தது. ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டாலே பின்னால் நீலப் புகை கக்கியது. டீசல் எஞ்சினுக்குச் செய்த டர்போ அது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அதை வைத்ததால், ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் அதற்குள்ளிருந்த ஆயிலையும் சேர்த்து உறிஞ்சியது. இதை அவரே ஷெட்காரரிடம் சொல்லக் கேட்டேன். தெரிந்தும் அப்படியே விட்டார். காலையில் அவர் வண்டியைக் கிளப்பினால் எதிர் வீட்டு அம்மாள் கொடியில் காயப்போட்ட துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவாள். கதவை அடிக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அவள் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். வண்டி என்னுடையதல்லவா.

சாவியைக் கேட்டேன். "இனிமே இது உனக்கு ஆவாது. புடிச்சு இழுக்கும். உன் கைக்கு அடங்காது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் காட்டுகிற முகம் இல்லை அது, திருப்திப்பட்ட முகம். மூன்று மாதம் ஷெட்டில் என்ன வேலை நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கட்டாயப்படுத்தி ஏற்றிக்கொண்டு போனார். ஷெட்காரர் பின் சீட்டில். பூந்தமல்லி ரோட்டில் முதலில் வண்டி நகரவே அழுதது. பழைய வண்டியே தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காடுவெட்டி தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அவர் காலை முழுதாக அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு விசில் சத்தம் எழுந்தது, எழுந்துகொண்டே போனது, திடீரென்று என் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அழுத்தினார்கள். முன்னால் போன லாரி பின்னுக்கு வந்தது. அதற்கு முன்னால் போன பஸ்ஸும் பின்னுக்கு வந்தது. என் வயிற்றுக்குள் ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வருமே, அந்தக் குளிர்ச்சி வந்தது.

எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபத்துக்குப் பாதிக் காரணம்.

அவர் ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி, "புகை வருது" என்றேன். ஷெட்காரர் வீடு வரும்வரை தனக்குத்தானே விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே ஒருநாள் அவர் ஷிஃப்டுக்கு சைக்கிளில் போனபின் அலமாரியில் சாவியை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வைக்கோல் வண்டி ஒன்றை முந்தப் பார்த்தபோது, டர்போ எதிர்பாராத நேரத்தில் பிடித்து இழுத்தது. வண்டி ஒரு பக்கமாக ஓடியது. காலை எடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்கினேன். அவ்வளவுதான். அடங்காத வண்டி இல்லை அது. எப்போது இழுக்கும் என்று காதால் கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் உள்ளே இன்னொரு சத்தமும் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

சாயங்காலம் அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"என் வண்டியை எடுக்க யாரைக் கேக்கணும்?"

"அது இப்ப உன் வண்டி இல்ல. அதுல என் உழைப்பு இருக்கு."

"கேக்காம செஞ்ச உழைப்பு. எஞ்சின் தட்டுது, அதைப் பாருங்க" என்றேன்.

அது அப்படித்தான் தட்டும் என்றார். எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கத் தடிமனான கேஸ்கெட் தகடு போட்டால் தட்டாது, ஆனால் இழுப்பு போய்விடும் என்றார். அப்படியானால் போடுங்கள் என்றேன். முடியாது என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது எஞ்சினைப் பற்றி மட்டும்தான் என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு சாவியை அவர் ஒளித்து வைக்கவில்லை. ஆணியிலேயே தொங்கியது. நான் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. இரண்டு நாள் குழம்பிப்போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து கட்டைவிரல் அளவு கருப்புத் துண்டு ஒன்று விழுந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார். அது இல்லாமல் எந்த பிளக்குக்கும் பொறி போகாது. தினமும் காலையில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மனைவி காரை எடுக்கக்கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் விடிந்ததும் பானெட்டைத் திறந்து அந்த வேலையைச் செய்திருக்கிறார். நான் ரோட்டாரைத் திரும்பவும் அதே பையில் போட்டு, சட்டையைத் துவைக்காமல் ஆணியில் மாட்டினேன். கேட்கவில்லை. நான் மறுபடி பஸ்ஸுக்குப் போனேன்.

தை மாதம் அவருடைய பிரிவு அதிகாரி வீட்டுச் சொந்தத்தில் அமைந்தகரையில் ஒரு கல்யாணம். அதிகாரியையும் அவர் மனைவியையும் நம் காரிலேயே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இவர் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார். என்னையும் பட்டுப்புடவை கட்டி வரச் சொன்னார். அம்பத்தூர் வழியாகப் போவதுதான் நேர்வழி. இவர் பூந்தமல்லிக்குச் சுற்றி, அங்கிருந்து சென்னை போகும் பெரிய ரோட்டைப் பிடித்தார். அகலமான ரோடு, அதிகாரிக்கு டர்போவைக் காட்ட வேண்டும்.

வேலப்பன்சாவடி வரும்வரை அதிகாரி விசிலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் போங்க என்றார். இவர் இன்னும் கொஞ்சம் போனார். கூழாங்கல் சத்தம் நன்றாகவே கேட்டது. நான் இவரைப் பார்த்தேன். இவருக்கும் கேட்டது, தாடை இறுகியதிலேயே தெரிந்தது. காலை எடுக்கவில்லை. நூம்பல் திரும்பும் இடத்துக்குக் கிட்டே உள்ளே ஏதோ உடைந்தது. பெரிய சத்தமில்லை, தேங்காய் உடைப்பது போல ஒன்று. உடனே திமிலின் இடுக்குகளிலிருந்து ஆயில் புகை பீறிட்டுக் கண்ணாடியை மறைத்தது, காருக்குள்ளும் வந்தது. வண்டி வேகம் குறைந்து வயலோரம் நின்றது.

அதிகாரியின் மனைவி இருமிக்கொண்டே இறங்கினார். தலையில் வைத்திருந்த மல்லிகையில் கரி படிந்திருந்தது. அம்பத்தூர் வழியாகப் போயிருக்கலாமே என்று தன் கணவரிடம்தான் சொன்னார், இவர் காதில் விழும்படி. பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். நீங்க வாங்க என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே இருந்திருப்ப" என்றார்.

நான் அப்படி எதையும் வேண்டவில்லை. இருந்தாலும் "ஆமா" என்றேன்.

அவர் கையை ஓங்கவில்லை. முதல்முறை பார்ப்பவரைப் போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நூம்பல் பக்கமிருந்து காலி மாட்டு வண்டியில் வந்த ஒருவர் தானாகவே நிறுத்தினார். "கவுறு கீது சார். பங்க்காண்ட வரிக்கும் இஸ்துகினு போயி உட்டுர்றேன்" என்றார். முன் பம்பரில் கயிற்றைக் கட்டினார். யாராவது உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். மாடு இழுக்கும் காரில் உட்கார என் கணவரால் முடியவில்லை. நான் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பட்டுப்புடவையோடு, பெட்ரோல் பங்க் வரும்வரை மாட்டின் நடைக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டே வந்தேன். கண்ணாடியில் அவர் தெரிந்தார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ரொம்ப தூரம் பின்னால், இந்தக் காருக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல நடந்து வந்துகொண்டிருந்தார்.

அங்கிருந்து லாரியில் ஏற்றி வண்டி அம்பத்தூர் ஷெட்டுக்குப் போனது. புது பிஸ்டன் போட்டு மறுபடி டர்போவைப் பூட்ட வேண்டும், இந்த முறை தடி கேஸ்கெட்டும் போட்டுவிடலாம் என்று இவர் ஷெட்காரரிடம் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பள்ளி அரைநாள் விட்டதும் ஷெட்டுக்குப் போனேன். யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன்.

ஷெட்காரருக்கு முகம் மாறிப்போனது. "சாருக்குத் தெரிமா டீச்சரம்மா?"

"வண்டி சாரோடதா?"

அவர் கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கொரட்டூரில் ஒருவர் இந்த மாதிரி சின்ன வண்டி தேடுகிறார் என்றார். அவர் டர்போ வேண்டாம் என்பார், கழற்றித்தான் கொடுக்கணும் என்றார், வருத்தத்தோடு. கழற்றுங்கள், புது பிஸ்டனையும் போடுங்கள் என்றேன். அடுத்த வாரம் கொரட்டூர்க்காரர் மனைவியோடு வந்து பார்த்தார். பானெட்டில் என்ன ஓட்டை என்று கேட்டார். விபத்து என்றேன். ஷெட்டிலேயே நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

என் கணவர் இரண்டு நாள் கழித்து ஷெட்டுக்குப் போனபோது வண்டி இல்லை. ஒரு சாக்கில் சுற்றி டர்போவை மட்டும் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து, வாசலில் இறக்கி வைத்தார். சத்தம் போடுவார் என்று நான் தயாராக இருந்தேன்.

"உங்கண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவ?" என்றார்.

"அண்ணன் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அதோடு பேச்சு நின்றது. அந்த வருஷம் முழுக்க எனக்கு நேராக அவர் எதுவும் சொல்லவில்லை. "சாப்பாடு ஆச்சான்னு பாக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். "ஆச்சு" என்று நானும் சுவருக்கே சொல்லுவேன். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், பேச்சும் தேவைக்கு ஏற்ப வந்தது. நான் பஸ்ஸில் போனேன், அவர் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார். அவர் ஸ்கூட்டரில் நான் உட்கார்ந்தது ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான்.

அவர் ரிடையர் ஆன சமயத்தில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். புதிதாகக் கார் வாங்கியிருந்தான். பேச்சுவாக்கில், "அண்ணன்கிட்ட அந்தக் காலத்துலயே கார் இருந்துச்சாமே" என்று கேட்டான்.

"இருந்துச்சு" என்றார் என் கணவர். "வித்துட்டாங்க."

யார் விற்றது என்று அவன் கேட்கவில்லை. நான் அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, இவருடைய டம்ளரை இவர் கைக்கு எட்டாத பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனேன்.